மிச்சக் காகிதமும் மிச்சத் தங்கமும்

போன வாரம் வீட்டில் அலமாரி ஒழிக்கும் படலம். மகள் பள்ளிக் காலத்தில் ஸ்கிராப்புக் பைத்தியமாக இருந்தாள். அதன் மிச்சம் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய. பூப்போட்ட தாள்களில் பாதிப் பாதி, ஸ்டிக்கர், ரிப்பன் துண்டு, ஜிகினாத் தூள், ஓரம் வெட்டிய அட்டைகள். "குப்பையில் போடுங்க" என்றார் வீட்டம்மா. என்னால் முடியவில்லை. காரணம், நான் பிறந்த ஊர்.

கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீப்ஸ். மிச்சத்தை மலையாகக் குவித்து வைத்த ஊர் அது. ரயிலில் வருபவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது 'சைனைட் மேடு'. பாறையை மாவாக அரைத்துத் தங்கத்தை எடுத்த பிறகு தள்ளிய சக்கை. 1887ல் கிளாஸ்கோவில் மெக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் சயனைடு முறையைக் கண்டுபிடித்த பிறகுதான், அரைத்த மாவில் நழுவிப் போன தங்கத்தையும் பிடிக்க வழி பிறந்தது. அதையும் தாண்டி டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக மேட்டிலேயே தங்கிவிட்டது. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, 13 மேடுகளிலிருந்து மறுபடி தங்கம் எடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தூக்கிப் போட்டதற்கும் ஒரு நாள் விலை வருகிறது பாருங்கள்.

சரி, காகிதத்துக்கு வருகிறேன்.

எங்கள் லைன் வீடுகளில் டிசம்பர் வந்தால் நட்சத்திரம் கட்டுவோம். நாங்கள் கிறிஸ்தவர்கள் இல்லை. ஆனாலும் எங்கள் வாசலிலும் ஒன்று தொங்கும். வெள்ளைக்கார அதிகாரிகள், ஆங்கிலோ இந்தியர்கள், கிறிஸ்தவத் தொழிலாளிகள் எல்லோரும் சேர்ந்து வாழ்ந்த ஊரில் கிறிஸ்துமஸ் எல்லோருக்குமான பண்டிகைதான். காகித நட்சத்திரத்துக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. 1830களில் ஜெர்மனியின் நீஸ்கி என்ற ஊரில், மொராவியன் சபைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஜியோமிதி சொல்லித்தர அட்டையில் செய்ததாம் ஒரு வகை. நம்ம ஊர் வகை அதைவிட எளிது. பத்து மூங்கில் சிம்பு, இரண்டு ஐமுனைச் சட்டம், நடுவில் முட்டுக் கொடுக்க ஐந்து குச்சி. அவ்வளவுதான்.

மேலே ஒட்டுவது எல்லாமே மிச்சம். கல்யாணப் பந்தலில் கழற்றிய கலர்த்தாள், பழைய காலண்டர், போன வருஷ நட்சத்திரத்தில் கிழியாத கண்ணாடிப் பேப்பர். பசை மைதா மாவில் காய்ச்சியது. பூச்சி அரிக்காமல் இருக்க அப்பா அதில் துளி மயில்துத்தம் போடுவார்.

அப்பா சாம்பியன் ரீப் சுரங்கத்தில் அண்டர்கிரவுண்ட் வேலை. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போன சுரங்கம் அது, உலகிலேயே ஆழமானவற்றில் ஒன்று. ஜான் டெய்லர் கம்பெனி நடத்திய சுரங்கங்கள் 1956ல் மைசூர் அரசுக்கும், 1962ல் மத்திய அரசுக்கும் போயின. 1972ல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது. 2001 பிப்ரவரி 28ல் மூடிவிட்டார்கள்.

அந்த டிசம்பரில் நான் லீவில் ஊருக்குப் போயிருந்தேன். அப்பா இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. அம்மா வழக்கம்போல நட்சத்திரம் கட்டியிருந்தார். கிட்டே போய்ப் பார்த்தால், சிம்புகளைச் சுற்றி ஓரப்பட்டியாக ஒட்டியிருந்தது அப்பாவின் சம்பளச் சீட்டுகள். நீளமாக நறுக்கி, வரிசையாக.

"இன்னாமா இது, அப்பா சீட்டை எல்லாம் கிழிச்சிட்டியா?"

"இன்னாத்துக்குடா அது? சுரங்கமே பூட்டிட்டாங்க. பேப்பர் வாங்கக் காசு தண்டம்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. இருப்பதை வைத்துச் செய் என்பதுதான் எங்கள் வீட்டுப் பாடம். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். தகரப் பெட்டியில் ஒரே ஒரு சீட்டு முழுசாகக் கிடந்தது. அதை மட்டும் பர்ஸில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினேன். அப்பா அந்தச் சுரங்கத்தில் உழைத்தார் என்பதற்கு என்னிடம் இருக்கும் எழுத்துச் சாட்சி அது ஒன்றுதான்.

இதே தங்கவயலுக்கு இன்னொரு காகிதக் கதை இருக்கிறது. அயோத்திதாசப் பண்டிதர் 1907ல் சென்னையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை தொடங்கினார். பிறகு 'தமிழன்' என்று பெயர் சுருங்கியது. தங்கவயலின் மாரிக்குப்பத்தில் அவருடைய பௌத்த சங்கத்துக்குக் கிளை இருந்தது. 1914ல் அவர் மறைந்தார். 1926ல் ஜி. அப்பாதுரையார் 'தமிழ'னை மறுபடி தங்கவயலிலிருந்தே கொண்டுவந்தார். பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போயிருக்க வேண்டிய அந்த இதழ்களை அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பல பத்தாண்டுகள் பாதுகாத்து வைத்தார்கள். அதனால்தான் 1999ல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' வெளிவர முடிந்தது. தமிழ்நாட்டுச் சமூக வரலாற்றில் ஒரு பெரிய ஓட்டை அடைபட்டது. யாராவது ஒருவர் அந்த இதழ்களை அலமாரிக்கு விரித்திருந்தால்?

ஸ்கிராப்புக் என்பதும் அடிப்படையில் இந்தப் பத்திரப்படுத்தும் வேலைதான். மார்க் ட்வைன் 1873லேயே தானே ஒட்டிக்கொள்ளும் ஸ்கிராப்புக்குக் காப்புரிமை வாங்கியிருக்கிறார். 1980ல் சால்ட் லேக் சிட்டி மாநாடு ஒன்றில் மேரியலன் கிறிஸ்டென்சன் தன் குடும்ப ஆல்பங்களைக் காட்டிய பிறகு அது கடை, கம்பெனி என்று தொழிலாகப் பரவியது. அதில் ஒரு நல்லது நடந்தது. அமிலம் இல்லாத தாள் சாதாரண ஜனங்கள் கைக்கும் வந்தது. மலிவான மரக்கூழ்த் தாளில் இருக்கும் அமிலம்தான் அதைப் பழுப்பாக்கி, அப்பளமாக நொறுக்குகிறது. அப்பாவின் சீட்டும் மடிப்பில் விட ஆரம்பித்திருந்தது.

ஆகவே அந்த இரண்டு பெட்டிகளை வைத்து மகளும் நானும் ஒரு சாம்பியன் ரீப்ஸ் ஆல்பம் செய்தோம். 'அமிலமற்றது' என்று போட்டிருந்த பாதித் தாள்களைப் படங்களுக்குப் பின்னட்டை ஆக்கினோம். அட்டைத் துண்டுகளை முக்கோணமாக மடித்து மூலை மாட்டிகள் செய்தோம். படத்தின் மேல் பசை படவே இல்லை. சாயம் விடும் தாள், ஜிகினா எல்லாம் மேலட்டையில் ஒட்டும் நட்சத்திரத்துக்குப் போயின. சம்பளச் சீட்டை ஸ்கேன் செய்து, நகலைத்தான் ஆல்பத்தில் வைத்தோம். அசல் ஒரு பாலியெஸ்டர் உறையில், மடிக்காமல், இருட்டில் இருக்கிறது. செலோடேப் மட்டும் கிட்டேயே வரக்கூடாது.

நகலில் மகள் ஒரு வேலை செய்தாள். இன்னொரு பிரதி எடுத்து, நீளமாக நறுக்கி, மேலட்டை நட்சத்திரத்துக்கு ஓரப்பட்டியாக ஒட்டினாள். "பாட்டி டிசைன்" என்றாள். அம்மா இருந்திருந்தால் பேப்பர் தண்டம் என்றுதான் சொல்லியிருப்பார்.

தங்கவயல்காரர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். மேட்டுத் தங்கத்தை அரசாங்கம் பார்த்துக்கொள்ளும். வீட்டில் தகரப் பெட்டி இருக்கிறதா? நறுக்குவதற்கு முன் ஒரு தடவை திறந்து பாருங்கள்.