புகையிலைக் கட்டுப்பாடு: இரணைமடுவும் வன்னியும்

புகையிலை, மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை நிறுவிய 27ஆம் இலக்கச் சட்டத்தை இலங்கைப் பாராளுமன்றம் 2006இல் நிறைவேற்றியது. அப்போது வன்னியிலுள்ள இரணைமடு விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அரச செயலகம் இயங்கினாலும் இலங்கைப் பொலிஸோ நீதவான் நீதிமன்றமோ அங்கு இல்லை. இயக்க உறுப்பினர்களுக்குப் புகைத்தல் தடை. ஆனால் அது படையொழுங்கு, மக்கள் சுகாதாரக் கொள்கை அன்று. தேசியச் சட்டம் நடைமுறையில் இவ்வூரை எட்டியது 2009இல் போர் முடிந்து சனம் மீளக் குடியேறிய பிறகுதான்.

புகையிலையோ இச்சட்டத்துக்கு மிக முந்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டில் கிணற்று நீர் இறைத்து வளர்த்த புகையிலை 19ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூருக்குக் கப்பலேறியது; பின்னர் சுருட்டுத் தொழில் தென்னிலங்கைச் சந்தைகளை நம்பி வளர்ந்தது. 1920களின் தொடக்கத்தில் இரணைமடுக் குளம் கட்டி முடிந்து, குடாநாட்டார் வயல் செய்ய வந்தபோது சுருட்டும் வெற்றிலைத் தட்டமும் கூடவே வந்தன.

புகையிலைக் கட்டுப்பாட்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை 2003 நவம்பரில் ஏற்று உறுதிப்படுத்திய இலங்கை, ஆசியாவில் இவ்விடயத்தில் முந்திக்கொண்ட நாடு. 2006ஆம் ஆண்டுச் சட்டம் 21 வயதுக்குக் குறைந்தோருக்கு விற்பதையும், விளம்பரத்தையும், மூடிய பொது இடங்களில் புகைப்பதையும் தடுத்தது. பொலிஸாரோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் வழக்குத் தொடரும் அதிகாரம் கிடைத்தது.

கடும் இழுபறி சிகரெட் பெட்டியின் மேல்தான் நடந்தது. பெட்டியின் 80 வீதத்தில் எச்சரிக்கைப் படம் வேண்டும் என்று 2012இல் சுகாதார அமைச்சு விதி செய்தது. அமைச்சராக இருந்தவர் மைத்திரிபால சிறிசேன. இலங்கைப் புகையிலைக் கம்பனி வழக்காடியது. 2014இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அளவை 60 வீதத்துக்குள் இறக்கியது. 2015இல் பாராளுமன்றம் சட்டத்தையே திருத்தி 80 வீதத்தை மீட்டது. 2016இல் வந்த வர்த்தமானி இலத்திரனியல் சிகரெட்டையும் புகையற்ற புகையிலைப் பொருள்களையும் தடைசெய்தது. வடக்கில் இளைஞரிடம் பிடிபடும் மாவா என்பது இந்தப் புகையற்ற புகையிலை வகையைச் சேர்ந்ததே.

இவ்வளவு போராடிப் பெற்ற படத்தை வன்னியில் பலர் பார்ப்பதே இல்லை. கடைக்காரர் பெட்டியை மேசைக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு ஒற்றைச் சிகரெட்டை எடுத்து நீட்டுகிறார். வாசலில் நூலில் தொங்கும் லைட்டரால் வாங்கியவர் அங்கேயே பற்றவைக்கிறார். அழுகிய நுரையீரலின் படம் கடைக்காரரின் கண்ணுக்கு மட்டும். ஒற்றை விற்பனையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் தொடவில்லை. பெட்டி வாங்கக் காசில்லாத நாட்கூலிக்கும், கைச்செலவுக் காசோடு வரும் பொடியனுக்கும் இதுவே வாசல். வரியால் சிகரெட் விலை ஏறும்போது, கைவிடாதவர் பீடிக்கு இறங்குகிறார்.

விட விரும்புவோருக்கான உதவியே இக்கொள்கையின் மெலிந்த பகுதி. 2015ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வின்படி நாட்டின் வளர்ந்த ஆண்களில் ஏறத்தாழ 29 வீதத்தினர் புகைப்பவர்கள். இடப்பெயர்வும் இழப்பும் கண்ட இடத்தில், "ரென்சனுக்குத்தான் பத்துறன்" என்று ஒருவர் சொன்னால் அதைப் பொய்யென்று தள்ள முடியாது. ஆனால் அடுத்த சிகரெட் தணிப்பது பெரும்பாலும் முந்திய சிகரெட்டின் நிக்கொட்டின் இறங்கியதால் எழுந்த பதற்றத்தையே. இதை அவருக்கு யாராவது பொறுமையாகச் சொல்ல வேண்டும். தண்டப் பணம் அதைச் சொல்லாது.

விட்டவுடன் எரிச்சல், நித்திரையின்மை, பசி ஆகியன முதல் வாரத்தில் உச்சம் தொட்டு, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் தணியும். அந்த நாள்களைத் தாண்டுவதற்கு நிக்கொட்டின் மாற்று மருந்து உதவும். உலக சுகாதார நிறுவனம் 2009இல் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. மருத்துவரின் சில நிமிட ஆலோசனைக்கும் பலன் உண்டு. அதிகார சபையின் 1948 என்ற இலக்கத்தை அழைத்து, புகைத்தலைக் கைவிடுவதற்கான ஆலோசனையைக் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம்.