பட்டம் வாங்கிய பிறகு: உளவியலாளர்களுக்குப் பெண்கள் நடத்திய பாடம்

உளவியல் கற்பிக்கும் நான் ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவிகளிடம் முதலில் பேசுவது ஒரு பழைய ஆய்வைப் பற்றி. 1970இல் அமெரிக்காவில் வெளிவந்தது அது. புரோவர்மன் என்ற பெண் உளவியலாளரும் அவருடைய சகாக்களும், உளவியலாளர்கள், மனநல மருத்துவர்கள், சமூகப் பணியாளர்கள் என 79 பேரிடம் குணங்களின் நீண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்தார்கள். ஒரு பகுதியினர் நல்ல மனநலம் கொண்ட ஆண் எப்படி இருப்பார் என்று குறிக்க வேண்டும். இன்னொரு பகுதியினர் நல்ல மனநலம் கொண்ட பெண்ணைப் பற்றிக் குறிக்க வேண்டும். மூன்றாம் பகுதியினரிடம் ஆண், பெண் என்று எதுவும் சொல்லாமல், நல்ல மனநலம் கொண்ட வயதுவந்தவர் எப்படி இருப்பார் என்று மட்டும் கேட்டார்கள்.

விடைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, வயதுவந்தவரும் ஆணும் ஏறக்குறைய ஒரே ஆளாக இருந்தார்கள். பெண் வேறு ஆளாக இருந்தாள். அவள் ஆணைவிடப் பணிவானவள், சுயேச்சை குறைந்தவள், பிறர் சொல்லுக்கு எளிதில் இணங்குபவள், சிறு நெருக்கடிக்கும் பதறுபவள், சட்டென்று மனம் புண்படுபவள். இவற்றை அவர்கள் நோயின் அறிகுறிகளாகச் சொல்லவில்லை, ஆரோக்கியமான பெண்ணின் இலக்கணமாகச் சொன்னார்கள். இப்படிப்பட்டவரிடம் சிகிச்சைக்குப் போகும் பெண் நல்ல பெண்ணாகக் குணமாகலாம், இல்லையென்றால் நல்ல மனிதராகக் குணமாகலாம். இரண்டும் சேர்ந்து கிடைக்காது.

அந்த 79 பேரில் 33 பேர் பெண்கள் என்று சொல்லும்போது வகுப்பு அமைதியாகிவிடும். அவர்களுடைய விடைகளும் ஆண்களுடைய விடைகளும் வேறுபடவில்லை. ஒரு தொழிலுக்குள் பெண்கள் நிறையப் பேர் வந்துவிட்டால் அந்தத் தொழில் பெண்களுக்கு நியாயமானதாகிவிடும் என்று நாம் நம்புகிறோம். ஆனால் அந்த 33 பேரும் ஆண்கள் படித்த அதே புத்தகங்களைப் படித்து, அதே பேராசிரியர்களிடம் பயிற்சி எடுத்து, அதே சான்றிதழைச் சுவரில் மாட்டியவர்கள். ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, உளவியலாளர் ஆணா பெண்ணா என்பதோடு முடிவதில்லை. அவருக்குப் பாடம் நடத்தியவர் யார், பட்டம் வாங்கிய பிறகு அந்தப் பாடத்தை அவர் திருத்திக்கொள்ள வழி இருந்ததா என்பதையும் கேட்க வேண்டும்.

நான் முதுகலை படித்தபோது உளவியல் வரலாறு என்று ஒரு தாள் இருந்தது. வுண்ட், ஜேம்ஸ், ஃப்ராய்ட், வாட்சன், ஸ்கின்னர் என்று ஆண்கள் வரிசையாக வந்துபோனார்கள். கீழே வரும் பெண்களை நான் பிறகு நூலகங்களில் தேடித்தான் கண்டுபிடித்தேன்.

மேரி விட்டன் கால்கின்ஸ் வெல்லஸ்லி கல்லூரியின் ஆசிரியை. ஹார்வர்டில் பெண்களைச் சேர்ப்பதில்லை என்பதால் விருந்தினராக உட்கார்ந்து படித்தார். சொற்சோடிகளைக் கொண்டு நினைவாற்றலைச் சோதிக்கும் முறையை வகுத்தார். 1895இல் முனைவர் பட்டத்துக்குரிய தேர்வை எழுதினார். வில்லியம் ஜேம்ஸ் உள்ளிட்ட தேர்வாளர்கள் அவருக்குத் தகுதி உண்டு என்று எழுதிக்கொடுத்தும் ஹார்வர்ட் நிர்வாகம் பட்டம் தர மறுத்தது. 1902இல், ஹார்வர்டைச் சார்ந்த பெண்கள் கல்லூரியான ராட்க்ளிஃபின் பெயரில் பட்டம் தருவதாகச் சொன்னார்கள். படித்த இடம் ஒன்று, பட்டம் தரும் இடம் வேறொன்றா என்று அவர் அதை ஏற்க மறுத்தார். 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் முதல் பெண் தலைவரானார். கடைசிவரை அவருக்கு ஹார்வர்ட் பட்டம் கிடைக்கவில்லை.

பட்டம் கிடைத்த பெண்ணின் நிலையும் வேறுமாதிரி இல்லை. அமெரிக்காவில் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பெண் மார்கரெட் ஃப்ளாய் வாஷ்பர்ன். 1894இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் டிட்ச்னரிடம் ஆய்வு செய்து அதைப் பெற்றார். பத்தாண்டு கழித்து, 1904இல், டிட்ச்னர் சோதனை உளவியலாளர்களுக்கென்று ஒரு குழுவைத் தொடங்கினார். ஆண்டுதோறும் கூடி, முடியாத ஆய்வுகளைப் பற்றிப் பேசி, இளைஞர்கள் மூத்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் குழு அது. அதில் பெண்களுக்கு இடமில்லை. புகைபிடித்துக்கொண்டு, தாட்சண்யம் பார்க்காமல் விவாதிக்கப் பெண்கள் இடைஞ்சல் என்பது அவர் சொன்ன காரணம். தன் சொந்த மாணவிக்கும் அவர் கதவைத் திறக்கவில்லை. வண்ணப் பார்வை பற்றிய கோட்பாட்டுக்காகப் பேர்பெற்ற கிறிஸ்டின் லாட்-ஃபிராங்க்ளின் இதை எதிர்த்து டிட்ச்னருக்குக் கடிதங்கள் எழுதினார். 1927இல் டிட்ச்னர் இறந்த பிறகுதான் வாஷ்பர்ன் உள்ளே போக முடிந்தது.

இன்று தொடர் கல்வி என்று நாம் சொல்வதை அன்று நடத்தியவை இப்படிப்பட்ட கூட்டங்கள்தான். புதிய கருவி எது, பழைய முடிவில் பிழை எங்கே, எந்தப் பல்கலைக்கழகத்தில் வேலை காலியாக இருக்கிறது என்பதெல்லாம் அங்கே பேசப்பட்டன. பட்டம் வாங்கும்வரை பெண்களைச் சகித்துக்கொண்ட ஒரு துறை, பட்டத்துக்குப் பிறகு கற்கும் இடத்தில் அவர்களை வெளியே நிறுத்தியது.

அதே காலத்தில் வெளியிலிருந்தபடியே பாடத்தைத் திருத்தத் தொடங்கியவர் லீட்டா ஹாலிங்வர்த். நெப்ராஸ்காவில் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். திருமணமாகி நியூயார்க்குக்கு வந்தபோது, மணமான பெண்களை அந்நகரப் பள்ளிகள் வேலைக்கு எடுக்கவில்லை. பிறகு கொலம்பியாவில் உளவியல் படித்தார். மாதவிடாய் நாட்களில் பெண்ணின் அறிவும் கைத்திறனும் மங்கிவிடும் என்று மருத்துவர்களும் உளவியலாளர்களும் எழுதிக்கொண்டிருந்த காலம். அவர் பெண்களை நாள்தோறும் சோதித்து அளந்து பார்த்தார். மங்குவதாகக் காட்டும் எதுவும் அந்த அளவுகளில் இல்லை. 1914இல் அது வெளியானது. அவருடைய வழிகாட்டி தார்ண்டைக், மேதைமை ஆண்களிடமே மிகுதி என்ற கருத்தை ஆதரித்தவர். அவரிடமே இருந்துகொண்டு இவர் அதை மறுத்தார். தொழிற்பயிற்சியைப் பற்றி முதலில் தெளிவாகப் பேசியவர்களில் ஒருவரும் இவரே. மக்களுக்குச் சிகிச்சை தரும் உளவியலாளருக்கு ஆராய்ச்சிப் பட்டம் போதாது, தொழிலுக்கென்றே ஒரு முனைவர் பட்டமும் பயிற்சித் தரமும் வேண்டும் என்று 1918இல் எழுதினார். அப்படி ஒரு பட்டப்படிப்பு இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது 1968இல். ஐம்பது ஆண்டு தாமதம்.

இடையில் இரண்டாம் உலகப் போர் வந்தது. அதுவரை பெண் உளவியலாளர்கள் பெரும்பாலும் பள்ளிகளிலும் குழந்தைகளுக்கான வழிகாட்டு மையங்களிலும் குறைந்த சம்பளத்துக்கு வேலைபார்த்தார்கள். போர் முடிந்து மனம் சிதைந்து திரும்பிய படைவீரர்களுக்குச் சிகிச்சை தர ஆட்கள் தேவைப்பட்டபோது அரசின் பணம் பயிற்சிக்குள் பாய்ந்தது. 1949இல் கொலராடோ மாநிலத்தின் பௌல்டர் நகரில் கூடிய மாநாடு, மருத்துவ உளவியலாளர் ஒரே நேரத்தில் ஆய்வாளராகவும் சிகிச்சையாளராகவும் பயிற்சி பெற வேண்டும் என்று வகுத்தது. இன்று உலகின் பல நாடுகளில் நடக்கும் பயிற்சிக்கு அதுவே அச்சு. அதை வார்த்தபோது எதிரே நோயாளியாக உட்கார்ந்திருந்தவர் பெரும்பாலும் ஆண். அடிவாங்கிய மனைவியோ, பாலியல் வன்முறைக்கு ஆளான மகளோ அங்கே பாடமாகவில்லை. புரோவர்மன் பட்டியலைக் கொடுத்த 79 பேரும் தொழில் செய்தது இந்தச் சூழலில்தான்.

உடைப்பு 1968இல் தொடங்கியது. ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற நவோமி வைஸ்டீன், ஆய்வுக்கருவியைப் பெண் கையாண்டால் உடைத்துவிடுவாள் என்று சொல்லி மறுக்கப்பட்டவர். பெண்கள் உண்மையில் எப்படிப்பட்டவர்கள் என்று உளவியலுக்குத் தெரியவே தெரியாது என்று அவர் அவ்வாண்டில் வாதிட்டார். சமூகம் பெண்ணிடம் என்ன எதிர்பார்க்கிறது என்பதைக் கணக்கில் எடுக்காமல், அவள் நடந்துகொள்வதை அவளுடைய இயல்பு என்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது அவர் வைத்த குற்றச்சாட்டு. 1969இல் பெண் உளவியலாளர்கள் தங்களுக்கெனத் தனிச் சங்கம் தொடங்கினார்கள். 1970இல் மயாமியில் நடந்த அமெரிக்க உளவியல் சங்க மாநாட்டில் ஃபிலிஸ் செஸ்லர் மேடையேறி, இந்தத் தொழில் பெண்களுக்குச் செய்த தீங்குக்கு ஈடாகப் பத்து லட்சம் டாலர் கொடுங்கள் என்றார். அரங்கில் இருந்தவர்கள் பலர் சிரித்தார்கள்.

சிரித்தவர்களின் சங்கமே சில ஆண்டுகளில் ஒரு பணிக்குழுவை அமைக்க வேண்டிவந்தது. சிகிச்சையில் பால் பாகுபாடு எப்படி நடக்கிறது என்று அக்குழு பெண் உளவியலாளர்களிடமே கேட்டு, 1975இல் அறிக்கை தந்தது. மணவாழ்க்கைக்குள் அடங்கிப்போவதே தீர்வு என்று பெண்ணுக்குச் சொல்வது, அவளுடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பிடுவது, ஃப்ராய்டியக் கருத்துகளை அவளுக்கு எதிராகத் திருப்புவது, சிகிச்சைக்கு வந்தவளையே பாலியல் பொருளாக நடத்துவது என்று அறிக்கை வகைப்படுத்தியது. சிகிச்சை பெறுபவரோடு பாலுறவு கொள்வது நெறிமீறல் என்று வெளிப்படையாகச் சொல்லும் வரி சங்கத்தின் நெறிமுறைக்குள் 1977இல்தான் வந்தது. மாணவிகள் இதை நம்புவதில்லை. ஆண்டைத் திரும்பவும் கேட்பார்கள்.

1978இல் பெண்களுக்கான சிகிச்சை பற்றிய வழிகாட்டுதல்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஆலோசனை உளவியல் பிரிவு 13 கோட்பாடுகளை ஏற்றது. முறையான படிப்பு முடிந்த பிறகும், பெண்களின் பிரச்சினைகளைப் பற்றியும், பெண்களுக்குள்ளேயே வெவ்வேறு பிரிவினரின் தனிப் பிரச்சினைகளைப் பற்றியும் தொழில்வாழ்க்கை முழுவதும் ஆலோசகர் கற்றுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. இந்த வரலாற்றில் என்னை மிகவும் கவர்ந்தது இந்த வரிதான். தொடர் கல்வி என்பது புதிய உத்திகளைத் தெரிந்துகொள்வது என்றே நாம் நினைத்துக்கொள்கிறோம். இந்தப் பெண்களுக்கு அது வேறொன்று. தவறாகக் கற்றதை ஒத்துக்கொண்டு கைவிடுவதற்கு ஒரு தொழில் தனக்குத்தானே ஏற்படுத்திக்கொள்ளும் வாய்ப்பு.

அந்த வாய்ப்பு மெல்லச் சட்டமாகவும் ஆனது. கலிஃபோர்னியாவில் இன்று உளவியலாளர் உரிமம் பெற, துணைவர் வன்முறையை இனங்காணும் பயிற்சியைக் கட்டாயம் முடித்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உரிமத்தைப் புதுப்பிக்க 36 மணி நேரத் தொடர் கல்வியைக் காட்ட வேண்டும். மணிக்கணக்குக்கு ஒரு குறை உண்டு. உட்கார்ந்திருந்த நேரத்தை அளக்கலாம், மனம் மாறியதா என்று அளக்க முடியாது. ஆனாலும் அடிவாங்கிய மனைவி பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டாள்.

இந்தியாவில் மருத்துவ உளவியல் தனித் தொழிலாகப் பயிற்றுவிக்கப்பட்டது பௌல்டர் மாநாட்டுக்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். பெங்களூரில் 1954இல் தொடங்கிய அகில இந்திய மனநல நிறுவனத்தில் அடுத்த ஆண்டே அதற்கான பட்டயப் படிப்பு வந்தது. அந்நிறுவனம்தான் பின்னாளில் நிம்ஹான்ஸ். 1992ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ உளவியலாளர்களை இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தது. பதிவைப் புதுப்பிக்க இங்கேயும் தொடர் கல்விப் புள்ளிகள் உண்டு. அந்தப் புள்ளிகளைத் தரும் வகுப்புகளில் பேசுபவர் யார் என்பதே நமக்கு முக்கியமான கேள்வி.

இதற்கு நம் ஊரிலேயே ஒரு பதில் கிடைத்தது. மதுரையைச் சேர்ந்த இரண்டு பெண்கள் ஒருவரை ஒருவர் நேசித்தார்கள். வீட்டார் எதிர்த்ததால் சென்னைக்கு வந்தார்கள். பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, காவல்துறை தேடத் தொடங்கியது. இருவரும் சென்னை உயர் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்டார்கள். வழக்கை விசாரித்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இந்த உறவைப் பற்றித் தனக்கு முழுப் புரிதல் இல்லை என்று சொல்லி, ஓர் உளவியலாளரிடம் தானே போய் உட்கார்ந்து பாடம் கேட்டார். அதற்குப் பிறகே 2021 ஜூன் 7 அன்று உத்தரவு எழுதினார். பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ சிகிச்சையால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அதில் ஈடுபடுவோரின் உரிமத்தைப் பறிப்பது உட்பட நடவடிக்கை எடுக்க வேண்டும் என்றார். காவலர், நீதித்துறையினர், மனநலத் துறையினர் எனப் பலருக்கும் பயிற்சி தரச் சொன்னார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அத்தகைய ‘மாற்றுச் சிகிச்சை’யை மருத்துவர்களின் தொழில்நெறி மீறல் என்று அறிவித்தது.

நீதிபதி மாணவரானதைப் பலர் பாராட்டினார்கள். எனக்கு அந்த இரண்டு பெண்களும்தான் நினைவில் நிற்கிறார்கள். அவர்கள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இருந்திருந்தால் அந்த வகுப்பே நடந்திருக்காது. மயாமியில் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு மேடையில் நின்ற செஸ்லரைப் போல, பாடம் தொடங்குவதற்கான விலையை இவர்களும் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள்.

கற்ற பாடம் அப்படியே நிலைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 2024 ஆகஸ்ட் இறுதியில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட மருத்துவப் பாடத்திட்டத்தில், பெண்ணும் பெண்ணும் கொள்ளும் உறவு இயல்புக்கு மாறான பாலியல் குற்றங்களின் வரிசையில் மறுபடி இடம்பெற்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில நாட்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். யாரும் படித்துப் பார்த்து எதிர்த்திருக்காவிட்டால் அது இன்று வகுப்பறையில் இருந்திருக்கும்.

ஆகவே, உளவியல் படிக்கப் போகும் மாணவிகளுக்கு நான் சொல்வது: பாடத்திட்டத்தை வாங்கி வரிவரியாகப் படியுங்கள். வீட்டு வன்முறைக்கு எத்தனை வகுப்பு, சாதிக்கு எத்தனை வகுப்பு என்று எண்ணுங்கள். சாதி மறுத்து மணந்ததால் துரத்தப்படும் பெண் உங்கள் முன் வந்து உட்காரும்போது, அவளுடைய அச்சத்தைப் பதற்றநோய் என்று எழுதிவிடாமல் இருக்க உங்களுக்கு யார் கற்றுத்தருகிறார்கள் என்று கேளுங்கள். சிகிச்சைக்குப் போகும் பெண்களுக்கும் கேட்கும் உரிமை உண்டு. எங்கே படித்தீர்கள் என்று கேட்கிறோம். கடைசியாக என்ன பயிற்சி எடுத்தீர்கள், யாரிடம் எடுத்தீர்கள் என்றும் கேட்கலாம். நல்ல உளவியலாளர் அந்தக் கேள்விக்குக் கோபப்பட மாட்டார்.