நெல்லியும் கப்பலும்: கொச்சி கற்பித்த உணவுப் பாடம்

உணவே மருந்து என்பது தமிழர் வாய்மொழி. திருக்குறளில் 'மருந்து' என ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகை, அதில் எந்த மூலிகையின் பெயரையும் கூறாது, உண்ணும் முறையைப் பற்றியே பெரிதும் பேசியிருப்பது எண்ணத்தக்கது. காயும் கனியும் கீரையும் உடலுக்கு நலம் பயப்பன என்பதை இன்று பள்ளிச் சிறாரும் அறிவர். ஆயினும் அவ்வறிவை மனித இனம் எத்துணை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்றது என்பதை அறிந்தோர் சிலரே. அவ்வரலாற்றில், நாம் குடிபெயர்ந்து வந்து வாழும் இக்கொச்சித் துறைமுகத்திற்கும் ஒரு சிறந்த பங்குண்டு. அதனை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலில் மாண்டோர்

மிளகைத் தேடி வந்த போர்த்துக்கீசியர் 1498ஆம் ஆண்டில் மலையாளக் கரையை அடைந்தனர். வாஸ்கோ ட காமாவின் அம்முதற் பயணத்தில் கப்பலேறியோர் ஏறக்குறைய 170 பேர். தாயகம் திரும்பியோர் அவருள் மூன்றில் ஒரு பங்கினரே. புயலிலும் போரிலும் மாண்டோரைவிட நோயில் மாண்டோரே மிகுதி. ஸ்கர்வி என்பது அந்நோயின் பெயர். பல் ஈறுகள் வீங்கிக் குருதி கசியும். கால்கள் கறுத்துத் தடிக்கும். ஆறிய பழம்புண்களும் மீண்டும் வாய் திறக்கும். முடிவில் உயிர் பிரியும்.

1498 அக்டோபரில் இந்தியக் கரையினின்று புறப்பட்ட அக்கப்பல்கள் ஆப்பிரிக்கக் கரையைக் காண ஏறத்தாழ மூன்று திங்கள் ஆயின. அவ்விடைக்காலத்தில் மட்டும் 30 பேர் மாண்டனர். எஞ்சியோரைக் கொண்டு மூன்று கப்பல்களைச் செலுத்த இயலாமையால் ஒரு கப்பலைத் தாமே தீயிட்டு எரிக்க நேர்ந்தது. மலிந்தித் துறையில் நோயுற்றோர் ஆரஞ்சுப் பழங்களையே பெரிதும் விரும்பிக் கேட்டனர் என்று அப்பயணக் குறிப்பு கூறுகின்றது. நலிவு முற்றிய பலருக்கு அவை காலங்கடந்து வந்த மருந்தாயின. உப்பிட்ட இறைச்சியும் உலர்ந்த ரொட்டியும் வயிற்றை நிரப்பின, உயிரைக் காக்கவில்லை.

மலபாரின் பூங்கா

1663இல் கொச்சி ஒல்லாந்தர் வசமாயிற்று. 1670 முதல் 1677 வரை மலபாரில் அவர்தம் தலைவராய் விளங்கியவர் ஹென்றிக் வான் ரீடு என்பவர். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வரும் மருந்துகள் வழியிலேயே வீரியம் கெடுவதையும், அவற்றுட் பல முதலில் கீழைநாடுகளிலிருந்தே சென்றவை என்பதையும் அவர் கண்டார். காலடியில் விளையும் மருந்தை விடுத்துக் கடல் கடந்த மருந்தை நாடுவானேன் என்ற எண்ணம் அவருள் எழுந்தது. அதன் பயனே 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', அதாவது 'மலபாரின் பூங்கா' எனும் பெருநூல். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்த அந்நூல் 742 தாவரங்களை விளக்குகின்றது.

அந்நூலுக்கு அறிவு வழங்கியோர் இம்மண்ணின் மக்களே. சேர்த்தலைக்கு அருகில் கடக்கரப்பள்ளியில் பிறந்த ஈழவ மருத்துவர் இட்டி அச்சுதன், தம் குலவழி வந்த மருத்துவ அறிவைச் சொல்லச் சொல்ல எழுதினர். ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் எனும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். 1675 ஏப்ரல் 20ஆம் நாள் இட்டி அச்சுதன் மலையாளத்தில் அளித்த சான்றுமொழி அந்நூலில் அவ்வாறே அச்சேறியுள்ளது. சமூகத்தில் தாழ்த்தி வைக்கப்பெற்ற ஒருவரின் கையெழுத்து, உலகத் தாவரவியலின் அடிப்படை நூல்களுள் ஒன்றில் நிலைபெற்றது சிறிய செய்தியன்று. லின்னேயசு 1753இல் தாவரங்களுக்குப் பெயரிட்டபோது இந்நூலைப் பெரிதும் பயன்கொண்டார். பேராசிரியர் கே. எஸ். மணிலால் தம் வாழ்நாள் உழைப்பாக இதனை ஆங்கிலத்தில் பெயர்க்க, கேரளப் பல்கலைக்கழகம் 2003இல் வெளியிட்டது.

இந்நூலில் தென்னையும் வாழையும் பலாவும் உள்ளன. நெல்லியும் முருங்கையும் உள்ளன. நம் முருங்கையின் பெயரே 'மொரிங்கா' எனத் தாவரவியற் பெயராய் உலகெங்கும் வழங்குகின்றது.

அருகிருந்தும் அறியாமை

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. ஆரஞ்சைப் போற் பன்மடங்கு 'சி' உயிர்ச்சத்து மிக்க நெல்லிக்கனி நூலில் ஏறிவிட்டது. நூலைப் படைத்த நாட்டாரின் கப்பல்களிலோ மாலுமிகள் அதே சத்தின்றி மாண்டுகொண்டேயிருந்தனர். ஒல்லாந்தர் பழமும் கீரையும் நன்மை தருவதை அறியாதவரல்லர். வழிக்கப்பல்களுக்குப் புத்துணவு அளிக்கவே 1652இல் நன்னம்பிக்கை முனையில் தோட்டம் அமைத்தனர். எனினும், உணவில் ஒன்று *இல்லாமையே* நோயாகும் எனும் கருத்து அன்று பிறக்கவில்லை. காற்றையும் ஈரத்தையும் உடலின் நீர்மங்களையுமே அக்கால மருத்துவர் காரணமாகக் கூறினர்.

1747இல் ஆங்கிலக் கடற்படை மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட், நோயுற்ற மாலுமியர் பன்னிருவரை இருவர் இருவராகப் பிரித்து, ஆறு வகை மருந்துகளை அளித்துப் பார்த்தார். நாள்தோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் உண்ட இருவரே விரைந்து தேறினர். ஆயினும் சாற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்துக் கப்பலில் கொண்டுசெல்லலாம் என்று அவர் பரிந்துரைத்தது பயன் தரவில்லை. வெப்பம் அச்சத்தை அழித்துவிடும். எலுமிச்சைச் சாறு கடற்படை முழுமைக்கும் ஆணையானது 1795இல்தான். ஒல்லாந்தர் கொச்சியை ஆங்கிலேயரிடம் இழந்ததும் அதே ஆண்டில் என்பது ஓர் ஒற்றுமை. 'வைட்டமின்' எனும் சொல்லைக் காசிமிர் ஃபங்க் படைத்தது 1912இல். நம் நீலகிரிக் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய உணவாய்வே பிற்காலத்தில் ஐதராபாத்திற்குச் சென்று, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

கப்பலேறி வந்த கனிகள்

கொண்டுசென்ற கப்பல்கள் கொடுத்தும் சென்றன. அன்னாசி, கொய்யா, பப்பாளி, முந்திரி ஆகிய யாவும் அமெரிக்க மண்ணிலிருந்து போர்த்துக்கீசியர் வழியே வந்தவை. பப்பாளியை இப்பகுதி மலையாளிகள் 'கப்பளங்ங' என்பர். கப்பலின் நினைவு அச்சொல்லில் உள்ளது. நாம் 'பறங்கிக்காய்' என்னும்போது பறங்கியரை நினைக்கிறோம். மிளகை வாங்க வந்தவர் தந்த காய்க்கு 'மிளகாய்' எனப் பெயரிட்டனர் நம் முன்னோர். ஆதலின், வந்த ஊரின் காய்கனியை ஏற்பது நம் மரபுக்கு மாறானதன்று. அதுவே நம் மரபு.

நம் அடுக்களைக்கு

கொச்சியின் தென்பால் உள்ள கும்பளங்கித் தீவில் மழைக்காலத்தில் பொக்காளி நெல்லும், மழை ஓய்ந்து உப்புநீர் ஏறியபின் இறாலும் விளைவிக்கின்றனர். அவ்வுவர் நிலத்தில் காய்கறிப் பயிர் எளிதன்று. கேரளத்தார் உண்ணும் காய்கறியிற் பெரும்பங்கு ஒட்டன்சத்திரம் போன்ற தமிழகச் சந்தைகளிலிருந்து லாரிகளில் வருகின்றது. மட்டாஞ்சேரித் தெருவில் நாம் வாங்கும் கத்தரியும் வெண்டையும் நம்மைப் போலவே மலை கடந்து வந்தவை எனலாம்.

ஆயினும் குடிபெயர்ந்தோர் வீடுகளில் முதலில் மறைவது கீரையே. அகத்தியும் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் பாட்டியரோடு போய்விடுகின்றன. அவற்றின் இடத்தைப் பொட்டலத் தின்பண்டங்கள் கொள்கின்றன. கப்பல் மாலுமிக்கு நேர்ந்ததும் இதுவன்றோ? வயிறு நிறைந்திருக்கும், உடல் வறுமையுற்றிருக்கும். நாளொன்றுக்குக் குறைந்தது 400 கிராம் காய்கனி வேண்டுமென உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகின்றது. 400 கிராம் காய்கறியும் 100 கிராம் பழமும் தட்டில் இடம்பெற வேண்டுமென நம் தேசிய நிறுவனம் 2024இல் அறிவுறுத்தியது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. மாடித் தொட்டியில் கீரை வளரும். வேலியோரத்தில் முருங்கை தழைக்கும். கீரையோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ந்தால் அதிலுள்ள இரும்புச் சத்தை உடல் நன்கு ஏற்கும். நறுக்கிய பின் கழுவாமல், கழுவிய பின் நறுக்குவதும், நெடுநேரம் வேகவிடாமையும் சத்தைக் காக்கும் வழிகள். கர்க்கடக மாதத்தில் பத்து வகை இலை சேர்த்துத் தோரன் செய்யும் அண்டை வீட்டாரிடம் நாம் கற்பதற்கு உண்டு. நாம் அவர்களுக்குத் தூதுவளை ரசத்தைக் கற்பிக்கலாம்.

இட்டி அச்சுதன் சொல்ல, பிறர் எழுதியமையால் அவர் அறிவு நிலைத்தது. நம் வீட்டு முதியோர் அறிந்த கீரைகளின் பெயரையும் பயனையும் யார் எழுதி வைக்கப் போகின்றோம்? இவ்வூரில் வளரும் நம் பிள்ளைகள் தமிழில் எழுதிப் பழக இதனினும் நல்ல பாடம் வேறில்லை. ஏட்டில் எழுதுவோம், தொட்டியில் விதைப்போம், இலையில் பரிமாறுவோம்.