தூண்டில் பெட்டி (தாமிரபரணி)

தாமிரபரணியில் தூண்டில் போடுபவரின் பெட்டியில் என்ன இருக்க வேண்டும் என்பதை ஆற்று மீனின் வாயும் மேய்ச்சலுமே தீர்மானிக்கின்றன. கெண்டைக்கு வாய் சிறிது. சிறு முள், மெல்லிய தங்கூசி நரம்பு, மயிலிறகுத் தண்டுத் தக்கை, மண்புழு போதும். தக்கை முதலில் லேசாக நடுங்கும், பிறகு சாய்ந்து உள்ளே இழுபடும். சுண்ட வேண்டியது அப்போதுதான். கெளுத்தி அடியில் மேய்வதால் அதற்குத் தக்கையைவிடக் குண்டு முக்கியம். அதன் துடுப்பு முள் கையைக் கிழிக்குமாதலால் இடுக்கி கட்டாயம். காற்றுக் குடிக்க மேலே வரும் விராலுக்குப் பெரிய முள்ளும் தடித்த நரம்பும் தனிச் சுருளாக இருக்கட்டும்.

குண்டு மட்டும் ஈயமாக இருக்கக் கூடாது. நரம்பு அறுந்தால் அது ஆற்றிலேயே தங்கிவிடும். நெல்லையும் தூத்துக்குடியும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான். ஈயக்குண்டை விழுங்கி அன்னங்கள் செத்ததால் பிரிட்டன் 1987-இல் பெரும்பாலான அளவுகளின் விற்பனையைத் தடை செய்தது. ஈயத்துக்குப் பதில் இரும்பு நட்டைக் கட்டலாம். இரும்பு லேசானது, ஆற்றின் இழுப்பில் நிற்காது என்பார்கள். ஆனால் ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.9 கிராம், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பருமனுள்ள நட்டு அதே எடையைத் தந்துவிடும். அதோடு, இந்த ஆற்றின் எட்டு அணைக்கட்டுகளுக்கு மேலே தேங்கும் தண்ணீரில் இழுப்பும் குறைவு. துருப்பிடித்த நட்டை மாற்ற இன்னொன்று சைக்கிள் கடையிலேயே கிடைக்கும்.