கடைத்தெருவும் கல்விக்கழகமும்

பெருமக்கள் வரலாற்றைப் பயிலுங்கால், அவர்தம் சிறப்புகளை மட்டும் தொகுத்துரைப்பது புகழ்மாலை ஆகுமேயன்றி வரலாறு ஆகாது. அமெரிக்கராகிய லீலண்டு ஸ்டான்போர்டின் வாழ்க்கை இவ்வுண்மைக்குத் தக்கதொரு சான்றாகும்.

1824ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்த அவர், சட்டம் பயின்று விஸ்கான்சின் மாநிலத்தில் வழக்குரைஞராக விளங்கினார். தீ விபத்தில் தம் அலுவலகத்தை இழந்தபின், 1852இல் கலிபோர்னியா சென்று உடன்பிறந்தாரோடு வணிகத்தில் இறங்கினார். ஆங்குப் பலரும் பொன்னை நாடி மண்ணை அகழ்ந்தனர். ஸ்டான்போர்டோ அகழ்வார்க்கு வேண்டிய பொருள்களை விற்றுச் செல்வம் ஈட்டினார்.

வணிகம் தந்த செல்வாக்கு அரசியலுக்கு வழிகோலியது. 1859இல் ஆளுநர் தேர்தலில் தோற்ற அவர் 1861இல் வென்றார். அவ்வாண்டிலேயே, தியோடர் ஜூடா என்னும் பொறியாளரின் திட்டத்தை ஏற்று, சேக்ரமெண்டோ வணிகர் மூவருடன் சேர்ந்து சென்ட்ரல் பசிபிக் இருப்புப்பாதை நிறுவனத்தைத் தொடங்கி, அதன் தலைவருமானார்.

1862 சனவரியில் ஆற்றிய பதவியேற்புரையில், சீனரைத் தாழ்ந்த இனத்தவரெனக் கூறி, அவர்தம் குடியேற்றத்தைத் தடுத்தல் வேண்டும் என்றார். ஆயின், மலையைக் குடைந்து பாதை அமைக்க ஆள் பற்றாதபோது, அவர்தம் நிறுவனம் நாடியது அச்சீனரையே! 1865இல் குடியரசுத் தலைவர் ஜான்சனுக்கு எழுதிய மடலில் அவர்தம் அமைதியையும் உழைப்பையும் ஸ்டான்போர்டே பாராட்டினார். வெள்ளையரினும் குறைந்த கூலி பெற்ற சீனத் தொழிலாளர், 1867இல் ஊதிய உயர்வும் வேலைநேரக் குறைப்பும் வேண்டிப் பணியை நிறுத்தினர். அவர்களுக்கு உணவு வருவது தடுக்கப்பட்டது. போராட்டம் சில நாள்களில் ஒடுங்கியது. 1869 மே 10ஆம் நாள் கிழக்கும் மேற்கும் இணைந்தபோது, பொன்னாணி பதிக்கும் சிறப்பு ஸ்டான்போர்டுக்கே வாய்த்தது. 1882இல் சீனத் தொழிலாளர் நாட்டினுள் வருவதையே சட்டம் தடைசெய்தது.

1884இல் அவருடைய ஒரே மைந்தன் பதினைந்தாம் அகவையில் நச்சுக்காய்ச்சலால் மாண்டான். அம்மைந்தன் நினைவாகத் துணைவியார் ஜேனுடன் சேர்ந்து நிறுவிய பல்கலைக்கழகம் 1891இல் திறக்கப்பெற்றது. தொடக்கத்தில் ஆண், பெண் இருபாலர்க்கும் அங்குக் கட்டணமின்றிக் கல்வி வழங்கப்பட்டது. 1885 முதல் செனட் அவை உறுப்பினராக விளங்கிய ஸ்டான்போர்டு 1893இல் மறைந்தார்.

2012இல் அப்பல்கலைக்கழக ஆய்வாளரே அச்சீனத் தொழிலாளர் வரலாற்றைத் தேட முனைந்தனர். ஆயிரக்கணக்கானோர் உழைத்தும், அவருள் ஒருவர் எழுதிய மடலேனும் அவர்களுக்குக் கிட்டவில்லை. ஆணியை அறைந்தவர் பெயர் நூல்களில் நின்றது. மலையைப் பிளந்தவர் பெயர் மறைந்தது. எனினும், அம்மறைவை வினவும் அறிவையும் அவர் நிறுவிய கல்விக்கூடமே வளர்த்தது. செல்வர் எழுப்பிய கட்டடத்தைப் போற்றும் மாணவர், அதற்கு அடித்தளமான உழைப்பு எவருடையது என்றும் வினவுதல் வேண்டும். அவ்வினாவை எழுப்பக் கற்பிப்பதே வரலாற்று ஆசிரியரின் தலையாய கடமையாகும்.