கோவில்பட்டி தந்த திருவுருவங்கள்

மணியாச்சி நிலையத்தில் வண்டியைவிட்டு இறங்கி இவ்விழாவுக்கு வந்திருக்கும் உங்களுள் பலர் இல்லத்துப் பூசையறையில் மீனாட்சி திருக்கல்யாணப் படம் ஒன்று விளங்குமன்றோ? திருமால் தாரைவார்க்க அம்மை நாணி நிற்கும் அக்கோலத்தை எழுதிப் பெரும்புகழ் பெற்றவர் கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டையராஜு அவர்கள்.

கரிசல் நாடு வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் பருத்தியும் இல்லை, கூலியும் இல்லை. சிவகாசியைச் சார்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து 1923-இல் தொடங்கியபின், அத்தொழில் இவ்வட்டாரமெங்கும் பரவிற்று. பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகத்துக்கோ சித்திரம் எழுதும் கை வேண்டும்!

அக்கை வந்த வழி வியப்புக்குரியது. 1898-இல் பிறந்த கொண்டையராஜு சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர். திருவண்ணாமலை இரமணாசிரமத்திலும் சிலகாலம் தங்கியவர். பின்னர் நாடகக் குழுவொன்றில் திரைச்சீலை எழுதினார். 1942-ஐ ஒட்டி அக்குழு கோவில்பட்டியில் கலையவே, அவ்வூரிலேயே தங்கிவிட்டார். செண்பகவல்லியம்மை தடுத்தாட்கொண்டாள் போலும்! தேவி ஆர்ட் ஸ்டூடியோ எழுந்தது, டி. எஸ். சுப்பையா, மு. இராமலிங்கம் முதலிய மாணாக்கர் சூழ்ந்தனர். அவர் படங்களில் தெய்வத்தின் பின்னே தோன்றும் தூண்களையும் திரைகளையும் உற்று நோக்குங்கள். நாடக மேடையே அங்கே நிற்கும்.

ஓவியர் எழுதிய ஒரு படம் சிவகாசி சென்றால் இலட்சக்கணக்கில் பெருகும். அச்சடிப்போர், தாள் வெட்டுவோர், காலண்டருக்குத் தகரப்பட்டை அடிப்போர், ஊரூராய்ச் சென்று ஆர்டர் பிடிக்கும் முகவர், சந்நிதித் தெருவில் கண்ணாடிச் சட்டம் போடுவோர் என எத்தனை குடும்பங்களுக்கு அது சோறிட்டது! தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் விண்ணப்பிக்க 48 பேரையும் கொட்டு முழக்க இருவரையும் இராசராசன் அமர்த்தி, நாள்தோறும் ஆளுக்கு முக்குறுணி நெல் அளந்ததைக் கல்வெட்டு கூறும். அங்கே கொடுத்தவன் வேந்தன். இங்கே கொடுத்தவர் சந்தையில் படம் வாங்கிய ஏழையடியார்.

எமக்குத் திருமுறை கற்பித்த ஆசிரியர், அச்சுத் தாளுக்குத் தீபங்காட்டுதல் ஆகமத்தில் உண்டோ எனக் கடிந்ததுண்டு. நாமும் இளமையில் அவ்வாறே பேசித் திரிந்தோம். ஒருமுறை சொற்பொழிவுக்குச் சென்ற சிற்றூரில், தீப்பெட்டி ஒட்டிக் கைகாய்த்த மூதாட்டி ஒருவர், பழைய காலண்டர் முருகன்முன் கண்ணீர் மல்க நின்றார். அதன்பின் அப்பேச்சை விட்டோம்.

ஒரு குறை மட்டும் உறுத்துகின்றது. கொடுத்தவர் கடையின் பெயர் காலண்டரில் கொட்டை எழுத்தில் இருக்கும். எழுதியவர் பெயரோ மூலையில் எறும்பளவு. 1976-இல் கொண்டையராஜு மறைந்தார். பின்னர்க் கணினி வந்தது; தூரிகைக்கு வேலை குறைந்தது. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் புத்தாண்டுக் காலண்டர் மாதிரிகள் இன்றும் வெளிவருகின்றன. அவற்றுள் தெய்வப் படங்களும் உள்ளன.

சட்டம் உடைந்த பழம்படங்களைக் கோயில் மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறீர்களே, வைக்குமுன் வலப்பக்க மூலையைச் சற்றுத் துடைத்துப் பாருங்கள்.