சுடாத நெற்றி

1901இல் மாவட்ட மருத்துவராகக் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வாய்க்கால் வெட்டச் செய்து மலேரியாவைக் குறைத்தார். பிறகு ரப்பர் தோட்டங்களிலும் அந்த வேலை தொடர்ந்தது. மலேரியாவுக்கு ரத்தத்தில் தெரியும் கிருமி சாட்சி. சாட்சி இல்லாத சோர்வுக்குத் தோட்டத்தில் ஒரே பெயர்தான்: சோம்பேறித்தனம். "ஒடம்பு முடியலன்னா கங்காணி நெத்தியத் தொட்டுப் பாப்பாரு. சுட்டாத்தான் நோவு" என்பார் பால்மரம் வெட்டிய என் பாட்டி.

மருத்துவமும் வெகுகாலம் நெற்றியைத் தொட்டுத்தான் பார்த்தது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் ஏறத்தாழ 300 பேர், பெரும்பாலும் ஊழியர்கள், தசைவலியும் கடும் சோர்வுமாக விழுந்தார்கள். 1970இல் இரண்டு மனநல மருத்துவர்கள் அதைக் கூட்டு ஹிஸ்டீரியா என்றார்கள். 2011இல் 'லான்செட்' இதழில் வந்த பேஸ் ஆய்வு, நாட்பட்ட சோர்வு நோய்க்குப் படிப்படியாகக் கூட்டும் உடற்பயிற்சி பலன் தரும் என்றது. செய்து பார்த்து மோசமானவர்கள் மறுத்தார்கள். 2021இல் பிரிட்டனின் நைஸ் அமைப்பு, அந்தப் பயிற்சியைத் தரக்கூடாது என்று வழிகாட்டுதலை மாற்றியது.

அதே ஆண்டு, காரணம் பிடிபடாத நாட்பட்ட வலிக்கு அதே அமைப்பு உடற்பயிற்சியைப் பரிந்துரைத்தது. இதில் முரண் ஏதுமில்லை. வலிக்கு அசைவு மருந்தாகலாம். சிறு உழைப்புக்கே மறுநாள் சரிந்துவிடும் உடம்புக்கோ, இருக்கும் தெம்புக்குள் வேலையைப் பங்கிடுவதே வழி. பிரிக்பீல்ட்ஸிலோ கிள்ளானிலோ பிசியோதெரபிக்கு வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்: "செஞ்ச மறுநாள் எப்படி இருந்துச்சு?" பதிலை நம்பவும் வேண்டும்.